இட்லிப் பெட்டியின் மூக்கு

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி, "என்னப்பா, ஜெயில்ல இருந்து எப்ப விடுதலை?" என்பதுதான். நான் அந்தமானுக்கு வந்து இந்த மாதத்தோடு முப்பது வருடம் ஆகிறது. முப்பது வருடமாக இந்த ஒரே நகைச்சுவைக்கு நானும் சளைக்காமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் டெலிபோன் பூத்தில் நின்று சத்தமாகச் சிரித்தால் போதும். இப்போது வீடியோ காலில் பல்லையும் காட்ட வேண்டியிருக்கிறது. அது ஒன்றுதான் முன்னேற்றம்.

சென்ற வாரம் தம்பி கூப்பிட்டபோது மட்டும் கேள்வி மாறியது. என் தலைக்குப் பின்னால் புகை எழும்புவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வீடு எரியுதா?" என்றான்.

"இல்லலே. இட்லிப் பெட்டியில பன்னி வேகுது" என்றேன்.

அத்தோடு நெட்வொர்க் போய்விட்டது. இந்தத் தீவின் நெட்வொர்க்குக்கு நல்ல நேரம் பார்க்கத் தெரியும். மறுநாளே ஊரில் பேச்சாகிவிட்டதாம், கேன்டீன் கையை விட்டுப் போனதிலிருந்து அண்ணனுக்குப் புத்தி ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று. நம் ஊர்க் கோயில் மலர்ப் பத்திரிகையை நடத்துகிறவர், "நீரே எழுதி அனுப்பும், பொய்யாவது ஒழுங்கா இருக்கட்டும்" என்று செய்தி அனுப்பியிருந்தார். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பன்றி வேகவில்லை, புகைகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடாமல் போனதில்தான் எல்லாம் நடந்தது.

2

என் அப்பா கட்டுமரத்தில் போனவர் என்பது உங்களுக்குத் தெரியும். நான் கட்டுமரத்தைக் கரையில் பார்த்தாலே வாந்தி எடுப்பவன் என்பதும் தெரியும். கடலுக்குப் பயந்தவன் நாலு பக்கமும் கடல் இருக்கிற இடத்துக்குத்தானா ஓடுவான் என்று அம்மா கேட்டாள். கப்பலில் ஏறியதிலிருந்து போர்ட் பிளேரில் இறங்கும்வரை நான் தலையைத் தூக்கவில்லை. இனி இதில் ஏறுவதில்லை என்று இறங்கிய இடத்திலேயே சத்தியம் செய்தேன். இத்தனை வருடம் இங்கே தங்கியதற்கு உழைப்பு, இலட்சியம் என்றெல்லாம் எழுத ஆசைதான். உண்மையான காரணம் திரும்பிப் போகிற கப்பல்.

டெலானிபூர் மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கேன்டீன் நடத்தினேன். வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லோரும் என் இட்லியைத் தின்று, பொதுமொழியான ஹிந்தியில் ஒற்றுமையாகத் திட்டினார்கள். போன வருடம் டெண்டர் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அது கேட்ட சான்றிதழ் எல்லாம் என்னிடம் இருந்தன. போட்டோதான் தகராறு. அளவு பெரிது என்றது. சுருக்கிக் கொடுத்தால் முகம் தெரியவில்லை என்றது. என் முகத்துக்கு அது சலுகைதான் என்று அதற்கு யார் சொல்வது? கேன்டீன் வேறொருவருக்குப் போனது.

என் சாமானை நான் வெளியே கொண்டுபோகக் கேட் பாஸ் வேண்டும். ஹோட்டல் இட்லிப் பெட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆள் உயர எவர்சில்வர் பெட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி, மேலே அடுக்கடுக்காகத் தட்டு, ஆவி போகாமல் கதவில் ரப்பர், இறுக்கிப் பூட்ட ஒரு கைப்பிடி. கிளார்க் பாபு அதை 'அல்மாரி' என்று பாஸில் எழுதிவிட்டார். வாசல் காவலர் கதவைத் திறந்து பார்த்து, அலமாரி என்றால் ஃபைல் எங்கே என்றார். இது இட்லி செய்வது என்றேன். அப்படியானால் பாஸ் செல்லாது என்றார். திரும்ப மேடேறிப் போய் 'இட்லி மெஷின்' என்று மாற்றி வாங்கி வந்தேன். மெஷின் என்றால் பிளக் எங்கே என்றார். கடைசியில் அவருக்குப் பசி வந்ததால் பெட்டி வெளியே வந்தது.

இப்படியாக இட்லிப் பெட்டி, பித்தளை டீ பாய்லர், பாத்திரம் கழுவும் எவர்சில்வர் தொட்டி மூன்றும் கராச்சர்மாவில் என் வீட்டுப் பின்புறம் வந்து நின்றன. மழை பெய்யும்போதெல்லாம் டங் டங் என்று சத்தம். இங்கே வருடத்தில் பாதிக்கு மேல் மழை. அப்பா மீனை உப்பிடமும் வெயிலிடமும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். இங்கே வெயிலை நம்பினால் கருவாடு மறுபடி நீந்தத் தொடங்கிவிடும். காய வைக்க முடியாத ஊரில் புகைதான் போட வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வந்தது என்று எழுதுவது கௌரவத்துக்காக. உண்மையில் எனக்குப் பன்றி இறைச்சி வாங்க ஒரு காரணம் தேவைப்பட்டது.

3

எங்களுக்கு ஒரே மகள், ஜென்சி. இங்கே பிறந்தவள். கேன்டீனில் இட்லிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். பள்ளியில் ஹிந்தி, தெருவில் ஹிந்தி, கனவில் உளறுவதும் ஹிந்தி. பாவசங்கீர்த்தனத்தில்கூட பாவத்தை மட்டும் ஹிந்தியில் சொல்வாள், வரிசையில் பின்னால் நிற்கிற அம்மாவுக்குப் புரியக் கூடாதென்று.

என் மனைவி செல்வத்துக்கு ஹிந்தி வராது. முப்பது வருடமாக இங்கேதான் இருக்கிறாள். தமிழ்ப் பூசை, தமிழ் அக்கம்பக்கம், தமிழ் மளிகைக்கடை என்று வகுத்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டாமல் வாழ்ந்துவிட்டாள்.

ஜென்சி விரும்பியது ரோஷனை. மின்துறையில் தினக்கூலி லைன்மேன். சௌல்தாரியில் வீடு. மூன்று தலைமுறைக்கு முன் மரம் வெட்டுவதற்காகக் கொண்டுவரப்பட்ட ராஞ்சிக்காரர் குடும்பம். நம்மைப் போலவே கத்தோலிக்கர்கள், நம்மைவிட ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறவர்கள். செல்வம் சம்மதிக்கவில்லை. வீட்டில் நடந்த கடைசிச் சண்டையில் மகள் ஹிந்திக்கு மாறிவிட்டாள். "என்ன சொல்லுதா?" என்று செல்வம் என்னைக் கேட்டாள். நான் பாதியை மொழிபெயர்த்தேன். மீதிக்கு என் ஹிந்தி போதவில்லை, தைரியமும்.

கல்யாணம் சௌல்தாரிக் கோயிலில் நடந்தது. அன்று காலை நான் கேஸ் வாங்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, காலி சிலிண்டர் எடுக்காமல், இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினேன். கடைசி பெஞ்சில் என்னைப் பார்த்துவிட்டு ஜென்சி ஓடி வந்தாள். "எப்படிப்பா வந்தீங்க?" என்றாள். "கேஸ் வாங்க வந்தேன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அழுததில் என் சட்டை நனைந்து, மாலையிலிருந்து ஒரு பூவும் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் செல்வம் அந்தப் பூவை எடுத்துப் பார்த்தாள். "இப்பல்லாம் கேஸ் கடையில பூவும் வைக்காவளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஜென்சிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். பெண்ணை வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்ள வேண்டிய நேரம். அழைத்தால் வருகிறேன் என்கிறாள் மகள், அம்மா அழைக்க வேண்டும். வந்தால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன் என்கிறாள் அம்மா, அவளாக வர வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தது நான்தான்.

ரோஷனின் அப்பா சைலஸ் பன்றி வளர்க்கிறார். எனவே எனக்குப் பன்றி இறைச்சி தேவைப்பட்டது. இறைச்சி தேவைப்பட அதில் செய்ய ஏதாவது வேண்டும். இட்லிப் பெட்டி சும்மா நின்றது.

4

டீ பாய்லரின் வயிற்றில் கரிபோடும் குழி இருக்கிறது, நடுவில் புகை ஏறும் குழாய் இருக்கிறது. அதுதான் அடுப்பு. கழுவுகிற தொட்டியின் கால் உள்ளே கூடான எவர்சில்வர் குழாய். அதை அறுத்து, கராச்சர்மா வெல்டரிடம் முழங்கை மாதிரி மடக்கி ஒட்ட வைத்து, பாய்லர் உச்சியிலிருந்து இட்லிப் பெட்டியின் அடிவயிற்றுக்கு இழுத்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழற்றினேன். குழி விழுந்த தட்டுகளை எடுத்துவிட்டு, இறைச்சியைத் தொங்கவிடக் கம்பி வைத்தேன். ரப்பர் சூட்டில் நாறும் என்பதால் பிடுங்கிவிட்டு, பிரியாணிக்குத் தம் போடுவதுபோல் கதவைச் சுற்றி மைதா மாவு பூசினேன். எங்கெல்லாம் கசியலாம் என்று தோன்றியதோ அங்கெல்லாம் மாவு.

உப்புப் போட்டு ஊறிய இறைச்சி உள்ளே போயிற்று. பாய்லரில் தேங்காய் மட்டையும் காய்ந்த மாங்கொம்பும். மூட்டினேன்.

கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு புகை வந்த வழியே திரும்பி, பாய்லரின் சாம்பல் வாசல் வழியாக என் முகத்துக்கே வந்தது. தீ அணைந்தது. ஊதினேன். என் மீசை பொசுங்கியது. கதவைத் திறந்து பார்த்தால் இறைச்சி தார் பூசியதுபோல் கறுத்து, நக்கிப் பார்த்தால் கஷாயம். தெரு நாய் ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தது. அடுத்த முறை மாவை இன்னும் தடிமனாகப் பூசினேன். இன்னும் கசந்தது.

செல்வம் அடுக்களை வாசலில் நின்று, "அந்த மிருகத்த ரெண்டு தடவையா கொல்லுதிய?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் சைலசுக்கு போன் செய்தேன். அவர்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள், கேட்கலாம் என்று. ஹிந்தியில் அவர் 'சம்தி', நமக்குச் சம்பந்தி. சொல் கிட்டத்தட்ட ஒன்றுதான், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பாக்கி. நான் சொன்னது இவ்வளவுதான்: "கர் மே துவா பாஹர் நஹி ஜா ரஹா. ஆப் ஆகே தேகோ." வீட்டில் புகை வெளியே போகமாட்டேன் என்கிறது, வந்து பாருங்கள். அதாவது, நான் அப்படித்தான் சொன்னதாக நினைத்தேன்.

மறுமுனையில் சைலஸ் மனைவியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பிறகு மிகவும் கனிவான குரலில், கவலைப்படாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறோம் என்றார். ஒரு புகைக்கு எதற்கு எல்லோரும் என்று எனக்குத் தோன்றியது. ராஞ்சிக்காரர்களுக்கு நல்ல மனசு என்று விட்டுவிட்டேன்.

5

ஞாயிறு பூசை முடிந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டி, மூன்றாவது முறையாகப் பாய்லரை மூட்டிக்கொண்டிருந்தேன். செல்வம் பின்பக்கம் வந்தாள்.

"ஜீப்ல ஒரு சபையே வந்து எறங்குது. கித்தார்லாம் இருக்கு. என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

முன்பக்கம் போய்ப் பார்த்தேன். சைலஸ் வெள்ளைச் சட்டை. அவர் மனைவி சலோமி கையில் பைபிள். ரோஷன் கித்தாரோடு. சலோமி நேராக வந்து செல்வத்தைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைத் தடவி, கண் கலங்கி, உள்ளே அழைத்துப்போய் அவள் வீட்டிலேயே அவளை உட்கார வைத்தார். சாமி பேரைச் சொல்லி வந்தவர்களை யார் போகச் சொல்வது? ஜென்சி மட்டும் வராந்தாவில் நின்றுவிட்டாள். அம்மா அழைக்காமல் வாசற்படி தாண்டமாட்டாள். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது. வயிறும் தெரிந்தது. செல்வம் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

ரோஷன் ஒரு பாட்டு வாசித்தான். சலோமி கண்ணை மூடிக்கொண்டு ஹிந்தியில் ஜெபிக்கத் தொடங்கினார். நீளமான ஜெபம். நடுநடுவே செல்வத்தின் பெயர் வந்தது, வரவர அதிகமாக வந்தது.

"எம் பேரு வருது" என்றாள் செல்வம். "என்ன சொல்லுதா?"

நான் வாயைத் திறந்தேன்.

"ஒங்கள கேக்கல."

ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னாள். ஏழெட்டு மாதமாக மகளிடம் ஒரு சொல் பேசாதவள் கேட்ட முதல் கேள்வி அது. ஜென்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தபியத்... உடம்பு நல்லாகணும்னு கேக்குறாங்கம்மா."

"எனக்கு என்ன கேடு?"

"அப்பாதான் போன்ல சொன்னாங்களாம், வீட்டுல துவா வெளிய போகல, வந்து பாருங்கன்னு. உங்களுக்கு ரொம்ப முடியலன்னு நெனச்சோம். நான் ராத்திரி பூரா தூங்கலம்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹிந்தியில் புகைக்கு ஒரு சொல், ஜெபத்துக்கு ஒரு சொல். புகை என்றால் முதல் எழுத்து வயிற்றிலிருந்து கிளம்பி, கடைசி எழுத்து மூக்கில் போய் முடிய வேண்டும். ஜெபம் என்றால் சும்மா நாக்கு நுனியில் சொன்னால் போதும். நம் வாய்க்கு இரண்டும் துவா. எங்கள் வீட்டில் செய்கிற ஜெபம் கூரையைத் தாண்டவில்லை, வந்து பாருங்கள் என்று நான் அழுதிருக்கிறேன்; படுத்துக் கிடப்பது செல்வம்தான் என்று அவர்களாகவே முடிவுகட்டியிருக்கிறார்கள்.

சைலஸ் மூக்கை உறிஞ்சினார். பின்பக்கத்திலிருந்து மாங்கொம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. "துவா... யா துவாங்?" ஜெபமா, புகையா என்று என்னைக் கேட்டார். நான் பின்பக்கம் கையைக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போய் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சலோமி மட்டும் நிறுத்தவில்லை. தொடங்கிய ஜெபத்தை ஆமென்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். செல்வம் சிரிக்கவில்லை. ஆனால் ஆமென் சொன்னாள்.

ஜென்சி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். பெட்டியைப் பார்த்து நின்றாள். பிறகு ஏறக்குறைய அதன் தோளில் கை போட்டாள்.

"அரே அப்பா, இதோட மூக்கு எங்க?"

பெட்டியின் உச்சியில் ஒரு சின்ன ஆவித் துளை உண்டு. சின்ன வயதில் அவள் அதற்கு மூக்கு என்று பெயர் வைத்திருந்தாள். நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, மூக்கு மூச்சு விடுது என்று சொன்னால் நான் போய்த் தட்டை எடுப்பேன். அந்த மூக்கில்தான் நான் முதல் வேலையாக மாவை வைத்து அடைத்திருந்தேன். இத்தனை வருடமும் ஆவி வீணாகக் கூடாது, ஆவி போனால் இட்லி கல் என்று பழகிய கை. புகையையும் அப்படியே பிடித்து வைக்கப் பார்த்திருக்கிறது.

"உள்ள போக வழி வச்சிருக்கீங்க. வெளிய போறதுக்கு ராஸ்தா எங்க? அந்தர் மே சடேகா, உள்ளயே கெடந்து அழுகும், பிறகு எப்படி கசக்காம இருக்கும்?"

ஒரு கரண்டிக் காம்பால் மாவைக் குத்தி எடுத்தாள். ஓட்டை போதாது என்று ரோஷன் ஜீப்பிலிருந்து கருவி கொண்டுவந்து பெரிதாக்கினான். அடியில் பாய்லர் ஒரு பெருமூச்சு விட்டது. தீ தானாகச் சிவந்தது. மேலே மெல்லிய நீலப் புகை நேராக எழுந்து, காற்றில் திரும்பி, ஜென்சியின் மேல் சாய்ந்தது. அவள் இருமினாள்.

அடுக்களை வாசலில் இருந்து, "ஏட்டி, பொகையில நிக்காத. உள்ள வா" என்று குரல் வந்தது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று செல்வத்துக்குத் தெரிந்தது போலிருந்தது. கையை வாயருகே கொண்டுபோனாள். அதற்குள் ஜென்சி அடுக்களைப் படியில் ஏறிவிட்டிருந்தாள்.

6

இத்தோடு முடிந்தது என்று எழுதினால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அப்படி நடக்கவில்லை.

இறைச்சி பதமாகச் சாயங்காலம் ஆனது. அதுவரை எல்லோரும் இருந்தார்கள். ரசமும் சோறும் சாப்பிட்டார்கள். செல்வம் மகளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், பேசவில்லை. இறைச்சியை நறுக்கி வைத்தபோது ஒரு துண்டு எடுத்து மென்றுவிட்டு, "கருவாடு மாதிரி இருக்கு" என்றாள். நம் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கிளம்பும்போது சலோமி ஜென்சியின் வயிற்றில் கை வைத்து, செல்வத்தைச் சுட்டிக்காட்டி, குழந்தையிடம் பேசுவதுபோல், "நானி, நானி" என்றார். ஹிந்தியில் அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கு அதுதான் பெயர். பாசமாகத்தான் சொன்னார். செல்வத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஜென்சி கடைசிவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஜீப்பில் ஏறினாள். தங்கு என்று ஒரு சொல் வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை. ஜீப் போய்விட்டது.

இரண்டு மூன்று நாள் போயிற்று. பிறகு பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, செல்வம் தானாகச் சொன்னாள்.

"நானின்னு கூப்பிட்டா எனக்குத் திரும்பிப் பாக்கத் தோணாதே. வேற யாரையோ கூப்பிடுதுன்னு நெனச்சு நான் பாட்டுக்கு வேலய பாத்துட்டு இருந்திருவேன். புள்ள எத்தன தடவதான் கூப்பிடும்?"

   பக்கத்தில் உட்கார்ந்து நானும் பூண்டு உரித்தேன்.

"ஆச்சின்னு நான் சொல்லிக் குடுக்கேன்" என்றேன் கடைசியில்.

"நீங்க சொல்லிக் குடுத்தா அது ஜெபமா பொகையான்னு தெரியாமப் போயிரும்" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பூண்டுத் தோலை ஊதினாள்.

இன்று காலையில் ஜென்சியின் அறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே புது மெத்தை விரிப்பு.  காப்பி கொடுக்கும்போது செல்வம் சொன்னாள்.

"கேஸ் தீரப் போவுது. போயி வாங்கிட்டு வாங்க."

சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். என்னால் தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம்.

"சௌல்தாரிப் பக்கம் கெடைக்குமாம்" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "வரும்போது ஆட்டோக்காரன்ட்ட சொல்லுங்க, ரோடு மோசம், குலுக்காம மெதுவா வரணும்னு."

"ஜென்சி கேட்டா என்ன சொல்ல?"

"கேஸ் வாங்க வந்தேன்னு சொல்லுங்க. அவளுக்குப் புரியும்."

புரியுமா? இதை அழைப்பு என்று எடுத்துக்கொள்வாளா, இல்லை, அம்மா வாயால் கேட்டால்தான் என்று அங்கேயே நின்றுவிடுவாளா? எனக்குத் தெரியவில்லை. ஆட்டோ வந்து வாசலில் ஹாரன் அடிக்கிறது. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டாயிற்று.  ஒரே ஆறுதல், கேஸுக்கு ஹிந்தியிலும் கேஸ்தான். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, வாசலில் நின்று இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.